வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி: காவலா, வினையா?

போன மாசம் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். டெக்சாஸில் இருக்கிறான். மனைவி, பதினாலு வயசில் ஒரு பையன். அவர்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு இந்தியக் குடும்பத்தின் வீட்டில் திருட்டு நடந்திருக்கிறது. நகையைக் குறி வைத்தே வந்திருக்கிறார்கள்.

"மச்சான், பக்கத்து வீட்டுக்காரர்லேர்ந்து ஆபீஸ்ல கூட இருக்கறவன் வரைக்கும் எல்லாரும் ஒரு துப்பாக்கி வாங்கி வச்சிக்கோங்கறாங்க. நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, வாங்கலாமா வேணாமா?"

சட்டுன்னு "வேணாம்டா" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் ஏன் வேணாம்? நம்ம ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ், மிலிட்டரி, சினிமா. இது மூன்றையும் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு பத்து நாள் கொடு" என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவனுக்காக எடுத்த குறிப்புகளைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

முதலில் எவ்வளவு இருக்கு?

ஜெனீவாவில் உள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2017-ல் அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. 100 பேருக்கு 120. அதாவது ஆளை விட துப்பாக்கி அதிகம். உலகம் முழுக்கப் பொதுமக்களிடம் இருப்பதே சுமார் 85 கோடிதான். அதில் கிட்டத்தட்ட பாதி ஒரே நாட்டில்.

அதற்காக எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ப்யூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த சர்வேயில், பெரியவர்களில் 32 சதவீதம் பேர்தான் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். ஆக, வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. என் மச்சானும் அதைத்தான் சொல்கிறான்.

சட்டமும் நம்ம ஊர் மாதிரி இல்லை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் அறிவித்தால் போதும், லைசென்ஸ் உள்ளவர்களைத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதை பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அது உரிமை. 1791-ல் வந்த இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் அதைச் சொல்கிறது. அது ஊர்ப்படைக்கான உரிமையா, தனி ஆளுக்கான உரிமையா என்று ரொம்ப காலம் வாதம் நடந்தது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனி ஆளின் உரிமைதான் என்று தீர்ப்பு சொன்னது. அதனால் "எல்லாத்தையும் பிடுங்கிட்டா முடிஞ்சது" என்று இங்கிருந்து நாம் சொல்வது அங்கே நடக்கிற காரியம் இல்லை. அங்கே ஒரு குடும்பத்தின் முன்னால் இருக்கிற கேள்வி, உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தணுமா என்பதுதான்.

சாகிறது யார்?

எனக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றால் நம் மனசில் வருவது பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து சுடுவது. 2022-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் கொலை 19,651. தற்கொலை 27,032.

மறுபடி ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் தற்கொலை. இது ஒரு வருஷத்துக் கதை இல்லை, பல வருஷமாகவே இப்படித்தான். கூட்டத்தில் புகுந்து சுடுகிற சம்பவங்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. செய்தியில் வருவது அது, அவ்வளவுதான். இன்னொன்று: 2020-லிருந்து அங்கே 1 முதல் 19 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் வாகன விபத்து இல்லை, துப்பாக்கி.

இதை எழுதும்போது மச்சான் வீட்டில் இருக்கிற பதினாலு வயசுப் பையன் ஞாபகம் வந்தது. திருடனைப் பற்றிக் கேட்டான் மச்சான். எண்களோ வேறு யாரையோ கைகாட்டுகின்றன.

வேண்டும் என்பவர்கள் பக்கம்

அவர்கள் சொல்வதை ஒழுங்காகக் கேட்க வேண்டும். பாதி வாதம் நியாயமானது.

கிராமப்புற அமெரிக்காவில் போலீஸ் வருவதற்கு அரை மணி நேரம் கூட ஆகலாம். அதுவரைக்கும் நீங்கதான் உங்களுக்கு. போலீஸ் வந்தாலும் காப்பாற்றுவார்கள் என்று உறுதி இல்லை. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் யுவால்டேயில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். 370-க்கும் மேற்பட்ட காவலர்கள் வந்து சேர்ந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்பறைக்குள் யாரும் போகவில்லை. அதே வருஷம் ஜூலையில் இண்டியானாவில் கிரீன்வுட் என்ற ஊரின் மாலில் ஒருவன் சுட ஆரம்பித்து மூன்று பேர் இறந்தபோது, கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு நிறுத்தினார். சில நொடிகளில். இல்லை என்றால் எத்தனை பேரோ.

சரி, இப்படி எவ்வளவு நடக்கிறது? 2000 முதல் 2013 வரை நடந்த இந்த மாதிரி 160 சம்பவங்களை எஃப்பிஐ ஆராய்ந்தது. போலீஸ் அல்லாத, ஆயுதம் வைத்திருந்தவர்கள் எதிர்த்துச் சுட்டு முடிவுக்கு வந்தது 5. ஆயுதமே இல்லாதவர்கள் பாய்ந்து மடக்கிப் பிடித்தது 21. அந்த 5-ஐ இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு நாட்டுக்கான கொள்கை எழுத முடியாது.

அடுத்தது பெரிய எண். கேரி க்ளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 5,000 பேரிடம் போனில் எடுத்த சர்வேயை வைத்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், வருஷத்துக்கு 25 லட்சம் தடவை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று சொன்னார்கள். துப்பாக்கி ஆதரவாளர்கள் இன்றைக்கும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

இது எப்படி வந்தது என்று பார்த்தால் சுவாரசியம். சர்வேயில் "ஆமாம், போன வருஷத்தில் பயன்படுத்தினேன்" என்றவர்கள் சுமார் 1.3 சதவீதம். அப்போது பெரியவர்கள் சுமார் 19 கோடி. பெருக்கினால் 25 லட்சம். கணக்கில் தப்பில்லை. சிக்கல் எங்கே என்றால், நூற்றில் ஒருவர் மட்டும் தப்பாகப் பதில் சொன்னால் போதும். மூணு வருஷம் முன்னாடி நடந்ததை போன வருஷம் என்று நினைத்திருக்கலாம். வாசலில் ஏதோ சத்தம் கேட்டு எடுத்ததை "திருடனை விரட்டினேன்" என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பெருமைக்கும் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சதவீதமே கிட்டத்தட்ட 19 லட்சம் ஆகிவிடும். அரிதாக நடப்பதை சர்வேயில் கேட்டால் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ஹெமன்வே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அமெரிக்க அரசு எடுக்கிற குற்றப் பாதிப்பு சர்வே முதலில் "உங்களுக்கு ஏதாவது குற்றம் நடந்ததா" என்று கேட்டுவிட்டு, நடந்தவர்களிடம் மட்டும் "என்ன செய்தீர்கள்" என்று கேட்கும். அதில் வருவது லட்சத்தை ஒட்டிய எண்தான். அதில் விட்டுப்போவதும் இருக்கும். உண்மை இடையில் எங்கேயோ, கீழ்ப்பக்கத்துக்கு நெருங்கி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த அரசு சர்வேயை வைத்து ஹெமன்வேயும் சாரா சோல்னிக்கும் 2015-ல் இன்னொன்று பார்த்தார்கள். 2007 முதல் 2011 வரை, பாதிக்கப்பட்டவர் நேரில் இருந்தபோது நடந்த 14,000-க்கும் மேற்பட்ட குற்றங்கள். அதில் அவர் துப்பாக்கி பயன்படுத்தியது 0.9 சதவீதம். ஏதோ ஒரு விதத்தில் தற்காத்துக்கொண்ட பிறகு காயம் பட்டவர்கள் 4.2 சதவீதம். துப்பாக்கியால் தற்காத்துக்கொண்ட பிறகு காயம் பட்டவர்கள் 4.1 சதவீதம். ஓடியவன், கத்திக் கூப்பிட்டவன், போனைப் போட்டவன் எல்லாரையும் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேண்டாம் என்பவர்களின் எண்ணும் சரியில்லை

எதிர்ப்பக்கமும் ஒரு பிரபலமான எண்ணைத் தூக்கிக்கொண்டு திரிகிறது: 43-க்கு 1. ஆர்தர் கெல்லர்மன் 1986-ல் சியாட்டில் இருக்கும் கிங் கவுண்ட்டியை ஆராய்ந்தார். வீட்டுத் துப்பாக்கியால் தற்காப்புக்காக ஒருவர் கொல்லப்பட்டால், அதே வீட்டுத் துப்பாக்கிகளால் தற்கொலை, கொலை, விபத்து என 43 பேர் சாகிறார்கள் என்றார். கேட்க பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஓட்டை. அந்த 43-ல் 37 தற்கொலை. அப்புறம், திருடனைக் கொன்றால்தான் தற்காப்பா? காட்டியதும் ஓடினால் அதுவும் தற்காப்புதானே? அது இந்தக் கணக்கில் வராது.

1993-ல் அவரே வேறு முறையில் செய்தார். கொலை நடந்த வீடுகளை, அதே பகுதியில் கொலை நடக்காத வீடுகளோடு ஒப்பிட்டார். துப்பாக்கி இருந்த வீட்டில் கொலைக்கான வாய்ப்பு 2.7 மடங்கு. இதற்கும் நல்ல கேள்வி ஒன்று வந்தது. ஆபத்தில் இருக்கிறவன்தான் துப்பாக்கி வாங்குகிறான். குடை வைத்திருப்பவன் தெருவில் மழை அதிகம் என்றால், குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா?

இதைத் தீர்க்க நல்ல ஆராய்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம், நோய்த் தடுப்பு மையமான சிடிசி துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ பணம் செலவழிக்கக் கூடாது என்று ஒரு வரியைப் போட்டது. டிக்கி திருத்தம் என்பார்கள். ஆராய்ச்சியே செய்யாதே என்று அதில் இல்லை. ஆனால் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலரை அப்படியே வெட்டினார்கள். அதிகாரிகளுக்குக் குறிப்பு புரிந்துவிட்டது. கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கும் மேல் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. 2019 கடைசியில்தான் மறுபடி பணம் ஒதுக்கினார்கள்.

நான் நம்புகிற ஆய்வு

கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கினால் அரசுப் பதிவில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் ஸ்டடர்ட் குழு அந்தப் பதிவையும் இறப்புப் பதிவையும் இணைத்தது. 2.63 கோடி பேர், 12 வருஷம். யாரையும் போனில் கேட்கவில்லை, ஞாபகத்தை நம்பவில்லை.

2020-ல் வந்த முடிவு: கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் தற்கொலையால் இறப்பது, வாங்காத ஆண்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். பெண்களில் ஏழு மடங்கு. "சாகணும்னு முடிவு பண்ணினவங்கதான் வாங்கியிருப்பாங்க" என்று கேட்கலாம். வாங்கிய உடனே ஆபத்து உச்சத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் துப்பாக்கித் தற்கொலைகளில் பாதிக்கு மேல் வாங்கி ஒரு வருஷத்துக்கு அப்புறம் நடந்தவை. இன்னும் முக்கியம், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மற்ற வழிகளில் தற்கொலை செய்துகொள்வது அதிகமாக இல்லை. அவர்கள் அடிப்படையிலேயே மனம் நொந்தவர்கள் என்றால் அதுவும் கூடியிருக்க வேண்டுமே? குடை, மழை கேள்விக்கு இது ஓரளவு பதில்.

2022-ல் அதே குழு, தனக்குத் துப்பாக்கி இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்த்தது. பாதுகாப்பு கூடுகிறது என்றால் இவர்களுக்கும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. கொல்லப்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கணவராலோ துணையாலோ சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆகணும். இவை எல்லாம் மடங்குகள். தனி ஒரு வீட்டில் இது நடக்கும் வாய்ப்பு அப்போதும் சின்னதுதான். ஆனால் திருடன் வந்து, நீங்கள் விழித்து, துப்பாக்கியை எடுத்து, அதனால் உயிர் பிழைக்கிற வாய்ப்பு அதைவிடச் சின்னது. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

"சாகணும்னு நினைச்சவன் வேற வழி தேட மாட்டானா?"

மச்சான் கேட்பான் என்று தெரியும். நானும் இதைத்தான் நினைத்தேன். பெரும்பாலும் தேடுவதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவுக்குப் போனது. உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. அரசு ஒவ்வொரு கட்டமாக மிக விஷமான பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. இருபது வருஷத்தில் விகிதம் 70 சதவீத அளவுக்குக் குறைந்தது. கவனியுங்கள், முயற்சி செய்பவர்கள் குறையவில்லை. விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பிழைத்தார்கள், அவ்வளவுதான். சண்டையில், கோபத்தில், கடன்காரன் வந்து போன மாலையில் எடுக்கிற முடிவு அது. கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

இஸ்ரேல் ராணுவத்தில் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகணும். தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் மாற்றம் இல்லை, விடுமுறை நாட்களில்தான் குறைந்தது. அதே பையன்கள், அதே கஷ்டங்கள். இரண்டு நாள் துப்பாக்கி பக்கத்தில் இல்லை.

துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. எல்லா வழிகளையும் சேர்த்தால் இறப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒருமுறை பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் வாழ்க்கை மிச்சம் இருக்கிறது. (படிக்கிற யாருக்காவது மனசு கனமாக இருந்தால், இந்தியாவில் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.)

வீடு சரி, சமூகம்?

இங்கே பதில் இவ்வளவு சுத்தமாக இல்லை. சுவிட்சர்லாந்தில் நிறைய துப்பாக்கி, கொலை குறைவு. அமெரிக்காவிலேயே 1990-களில் துப்பாக்கிகள் கூடிக்கொண்டே போனபோது கொலை பாதியை நோக்கி இறங்கியது. 2020-ல் விற்பனையும் எகிறியது, கொலையும் 30 சதவீத அளவுக்கு எகிறியது. பிறகு 2023-ல் கொலை நன்றாகக் குறைந்தது. துப்பாக்கி ஒன்றும் குறையவில்லை. வறுமை, போதைப்பொருள், போலீஸ் என்று பத்துக் காரணங்கள் சேர்ந்துதான் குற்றம் ஏறி இறங்குகிறது.

ஜான் லாட் என்ற பொருளியலாளர், மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தாராளமாக அனுமதித்த மாநிலங்களில் குற்றம் குறைந்தது என்று 1998-ல் ஒரு புத்தகமே எழுதினார். குற்றவாளி பயப்படுவான் என்பது வாதம். 2004-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு எல்லாவற்றையும் அலசி, கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்லச் சான்று போதாது என்றது. ஒரு உறுப்பினர் மட்டும், கொலை விஷயத்தில் லாட் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று தனியாக எழுதினார். பிறகு ஜான் டானஹ்யூ குழு கூடுதல் வருஷங்களின் தரவை வைத்து 2019-ல் செய்த கணக்கில், அந்தச் சட்டம் வந்து பத்து வருஷத்தில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடியிருந்தது. ஒரு காரணம், வெளியே எடுத்துப் போகிற துப்பாக்கி திருடு போகிறது, குறிப்பாக காரிலிருந்து. நல்லவன் வாங்கியது கெட்டவன் கைக்குப் போகும் வழி அது.

எனக்குத் தெளிவாகப் பட்ட வாதம் ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்பவருடையது. அமெரிக்காவில் திருட்டும் அடிதடியும் மற்ற வளர்ந்த நாடுகளைவிடப் பெரிய அளவில் அதிகம் இல்லை. சாவுதான் அதிகம். 1968-லேயே சிகாகோ போலீஸ் பதிவுகளை வைத்து அவர் காட்டினார்: கத்தித் தாக்குதலைவிட துப்பாக்கித் தாக்குதல் ஐந்து மடங்கு உயிரை எடுக்கிறது. இரண்டிலும் சண்டை அதே மாதிரிச் சண்டைதான், குடித்துவிட்டு, பணத்துக்காக, பொண்டாட்டி மேல் சந்தேகப்பட்டு. துப்பாக்கி சண்டையை உண்டாக்குவதில்லை. நடக்கிற சண்டையைச் சாவாக மாற்றிவிடுகிறது.

மச்சானுக்குச் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை பேசினோம். ஒரு மணி நேரம் ஆச்சு. நான் சொன்னதன் சுருக்கம்: "உன் வீட்டுக்கு வெளியிலிருந்து வர்ற ஆபத்தை இது கொஞ்சம் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். உள்ளேயிருந்து வர்ற ஆபத்தை நிச்சயமா கூட்டும். உள்ளே இருக்கறது நீ, தங்கச்சி, பையன். நகை போனா திரும்ப வாங்கலாம். பேங்க் லாக்கர்ல போடு, கதவுக்கு நல்ல பூட்டு, அலாரம், ஒரு நாய்."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "என் பையன் அப்படியெல்லாம் இல்லடா" என்றான்.

"யார் பையனும் அப்படி இல்லதான்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அப்படியும் வாங்குவதாக இருந்தால் என்ன செய்யணும் என்பதற்கும் பதில் இருக்கிறது. குண்டு போடாமல், பூட்டி, குண்டைத் தனியாகப் பூட்டி வைத்த வீடுகளில் பிள்ளைகளின் தற்கொலையும் விபத்தும் குறைவு என்று 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் மச்சான் உடனே பாயின்ட்டைப் பிடித்தான்: "ராத்திரி ரெண்டு மணிக்குத் திருடன் வந்தா, நான் ரெண்டு பூட்டைத் திறந்துக்கிட்டு இருக்கணுமா?"

ஆமாம், சிக்கலே அங்கேதான். திருடனுக்குத் தயாராக வைத்தால் பையனுக்கும் தயாராக இருக்கும். பையனிடமிருந்து தள்ளி வைத்தால் திருடனுக்கு உதவாது.

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. நேத்து ராத்திரி வாட்ஸ்அப்பில் அலாரம் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியலை அனுப்பி, "இது ஓகேவா பாரு" என்று கேட்டிருந்தான். அதற்கு அடுத்து வந்த படம் கைத்துப்பாக்கியைப் பூட்டி வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி. இரண்டுக்கும் பதில் எழுதணும்.